தோட்டக் கேள்வி பதில்: அழுக்கணவனும் அதைத் தின்னும் கூட்டமும்

இம்முறை அழுக்கணவனைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இது அசுவினி. சில வாசகர்கள் செடிப்பேன் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் செடியின் சாற்றை உறிஞ்சும் ஒரே பூச்சிக் குடும்பம்தான்.

கேள்வி: போஞ்சிக் கொடி நுனிகளில் கறுப்பு அழுக்கணவன் அப்பிக் கிடக்கிறது. அதே இடத்தில் மூன்று நாளாக, குட்டி முதலை போல முதுகெல்லாம் முள்ளும் மஞ்சள் பொட்டும் உள்ள கறுப்புப் புழுக்களும் ஊர்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து அடிக்க ஒரு மருந்து சொல்லுங்கள், ஐயா.
– வாசகர், வெலிமடை

பதில்: மருந்துப் போத்தலை மூடி வையுங்கள். நீங்கள் முதலை என்று எழுதியது பொறிவண்டின் புழு. அது போஞ்சியில் ஓர் இலையைக்கூடக் கடிக்காது. அது வந்திருப்பதே அந்தக் கறுப்புக் கூட்டத்தைத் தின்னத்தான். சிவப்பு முதுகும் கறுப்புக் கோடுமாக இருக்கும் வண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் பிள்ளையைத்தான் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. புழு என்றாலே மருந்து என்ற பழக்கத்தில் அதற்கும் சேர்த்து அடித்துவிடுகிறோம்.

இலையைத் திருப்பி, வெயில் முதுகில் படும்படி நின்று பாருங்கள். பொறிவண்டின் முட்டை மஞ்சள் நிறம். பத்து முதல் முப்பது வரை ஒரே கும்பலாக, குத்தி வைத்ததுபோல நிமிர்ந்து நிற்கும். அதிலிருந்து வருவதுதான் உங்கள் முதலை. நான்கு பருவம் வளர்ந்தபின் வாலை இலையில் ஒட்டிக்கொண்டு, கூன் விழுந்த உருண்டையாக ஒரு வாரம் அசையாமல் கிடக்கும். அது கூட்டுப்புழு. செத்துவிட்டது என்று நினைத்துக் கிள்ளிவிட வேண்டாம். வெலிமடைக் குளிரில் முட்டை வண்டாக மூன்றரை, நான்கு வாரம் பிடிக்கும். புழுப் பருவம் முழுவதும் தின்னும் தீனியில் பாதிக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் உள்ளே போகிறது. ஆகவே சின்னப் புழுவைப் பார்த்து, ‘இது என்னத்தைத் தின்னப் போகிறது’ என்று முடிவு கட்ட முடியாது. வளர்ந்த வண்டு ஒரு நாளைக்கு 30 முதல் 50 அழுக்கணவன் தின்னும்.

அதே நுனியில் இன்னொரு புழுவும் இருக்கலாம். கால் இல்லாதது, ஒரு முனை கூர்த்தது, பச்சையாகவோ வெளிறியோ இருக்கும், அட்டை போல நெளியும். அது சிர்பிட் ஈயின் புழு. பூவின் முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று நகரும் மஞ்சள் கறுப்புக் கோட்டு ஈயைப் பார்த்திருப்பீர்களே, அதன் பிள்ளை. இது கண் தெரியாமல் வேட்டையாடும். தலையைத் தூக்கி இடமும் வலமும் தடவும். ஓர் அழுக்கணவன் தட்டுப்பட்டால் கவ்வி மேலே தூக்கி, உள்ளே உள்ளதையெல்லாம் உறிஞ்சிவிட்டு, வெறுந்தோலை உதறிவிடும். பகலில் இலை மடிப்பில் பதுங்கி இரவில் மேய்வதால் கண்ணில் படுவது குறைவு. கூட்டத்தின் நடுவே சுருங்கிய தோல்களும் தார் போன்ற கறுப்புக் கறையும் இருந்தால் அது அங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, ஏன் எல்லோரும் மருந்துக்கு ஓடுகிறோம் என்பது. அழுக்கணவன் கூட்டத்தில் பெரும்பாலும் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே, முட்டையிடாமல், நேரடியாகக் குட்டி போடும். ஒரு நாளைக்கு 3 முதல் 6 குட்டி. அந்தக் குட்டி எட்டுப் பத்து நாளில் தானும் தாயாகிவிடும். பொறிவண்டோ சிர்பிட் ஈயோ தன் பிள்ளைக்குப் போதுமான தீனி சேர்ந்த இடத்தில்தான் முட்டையிடும். அதாவது அழுக்கணவன் பெருகிய பிறகுதான் தின்னி வரும். இந்தப் பத்து, பன்னிரண்டு நாள் இடைவெளியில்தான் நமக்குப் பயம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் அடித்தால், அப்போதுதான் வந்திறங்கிய தின்னிகள் முழுதாகச் சாகும். இலை மடிப்பில் தப்பிய நாலு அழுக்கணவன் போதும், இரண்டு வாரத்தில் பழைய நிலை. இந்தமுறை தின்ன ஆள் இருக்காது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ரொயிட் வகை மருந்துகளுக்குப் பிறகு அழுக்கணவன் முன்னைவிட மோசமாக ஏறுவதற்கு இதுதான் காரணம்.

செய்ய வேண்டியது இதுதான். காணியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 கொடியைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நூல் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் நுனியையும் மூன்று இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அழுக்கணவன் உண்டா, தின்னி உண்டா, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து அதே கொடிகளைத் திரும்பப் பாருங்கள். கூட்டம் உள்ள கொடிகளில் பாதிக்கு மேல் தின்னியும் இருந்தால் விட்டுவிடலாம். பத்துக்கு மேற்பட்ட கொடியில் கூட்டம் இருந்து, தின்னி ஒன்றுகூட இல்லையென்றால், மிக மோசமான நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டு அகற்றிவிட்டு, மீதிக்குச் சவர்க்காரத் தண்ணீர் அடியுங்கள். அதன் அளவு மூன்றாவது கேள்வியில் வருகிறது. உங்கள் கடிதப்படி தின்னி வந்து மூன்று நாளாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. சில கொடிகளில் இலை சுருங்கி, பச்சையும் வெளிறலும் திட்டுத் திட்டாக இருந்தால் அது மொசேக் வைரஸ். அதை அழுக்கணவன் பரப்பும், எந்தத் தின்னியும் குணமாக்காது. அந்தக் கொடிகளை வேரோடு பிடுங்கிவிடுங்கள். அந்தக் காணியில் விதைக்கு எடுக்கவும் வேண்டாம், ஏனென்றால் போஞ்சி மொசேக் விதை வழியாகவும் போகும்.

கேள்வி: பொறிவண்டு நல்லது என்கிறார்கள். எங்கள் கத்தரியில் அதே வண்டு இலையை அரித்துச் சல்லடையாக்குகிறது. இது எப்படி?
– வாசகி, ராகலை

பதில்: அது வேறு வண்டு. எபிலக்னா என்று பெயர். கத்தரி, உருளைக்கிழங்கு, தக்காளி இலையைத் தின்னும். நல்ல பொறிவண்டின் முதுகு மெழுகு தேய்த்ததுபோலப் பளபளக்கும். எபிலக்னாவின் முதுகு மங்கிய செம்பழுப்பு, உற்றுப் பார்த்தால் மெல்லிய மயிர் தெரியும், புள்ளி நிறைய இருக்கும். எண்ணினால் 28 வரும். புழுவைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. மஞ்சள் உடம்பு, கிளைவிட்ட முள், இலையின் பச்சையைச் சுரண்டி ஏணிப்படி போலக் கோடு விட்டுவைக்கும். காலையில் குளிருக்கு அசையாமல் இருக்கும்போது கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். முட்டை உள்ள இலையைக் கிள்ளி எடுங்கள். வாரத்துக்கு இருமுறை, மூன்று வாரம் செய்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

கேள்வி: லயத்துக்கு முன்னால் நாலு ரோசாவும் பத்து கொச்சிக்காய்ச் செடியும் வைத்திருக்கிறேன். சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன், இலை கருகிவிட்டது. அளவு என்ன?
– வாசகி, ஹட்டன்

பதில்: இலை கருகுவதற்கு மூன்று காரணம்தான் வழக்கம். ஒன்று, சவர்க்காரத்துக்குப் பதிலாகச் சலவைத்தூளைக் கரைப்பது. இரண்டு, அளவைக் கைமதிப்பாகப் போடுவது. மூன்று, வெயிலில் அடிப்பது. எதைச் செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

அளவு: ஒரு லீற்றருக்கு 5 கிராம், கட்டிச் சவர்க்காரம் மட்டும். தராசு வேண்டியதில்லை. 100 கிராம் கட்டியை இருபது சம துண்டாக வெட்டினால் ஒரு துண்டு 5 கிராம். அதைச் சீவி, ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, மீதித் தண்ணீரைச் சேருங்கள். 16 லீற்றர் டேங்குக்கு 80 கிராம். துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். கரைத்த தண்ணீரில் தயிர் போலத் திரிதிரியாக மிதந்தால் தண்ணீர் கடினம் என்று அர்த்தம். அப்படியானால் சவர்க்காரத்தின் சக்தி அந்தத் திரியிலேயே போய்விடும். மழைத்தண்ணீர் பிடித்துக் கரையுங்கள்.

முதலில் ஒரு செடியில் இரண்டு இலைக்கு மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அடிக்கலாம். நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடியில் படும்படி, சொட்டும்வரை அடிக்க வேண்டும். சவர்க்காரம் ஈரமாக இருக்கும்போது உடம்பில் பட்டால்தான் அழுக்கணவன் சாகும். காய்ந்த பிறகு அது வெறும் கறை. மேலோட்டமாகத் தூவிவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் செய்வது இந்தப் பிழையைத்தான். ரோசாத் துளிர் மென்மையானது, அடித்து இரண்டு மணி நேரத்தில் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். நாலைந்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை.

சவர்க்காரத் தண்ணீர் சிர்பிட் புழுவையும் சின்னப் பொறிவண்டுப் புழுவையும் கொல்லும். ஆனால் எச்சம் நிற்காது. மறுநாள் வந்து இறங்கும் தின்னிக்கு ஆபத்தில்லை. கடை மருந்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். நாலு ரோசாவுக்கு இதுகூடத் தேவையா என்பது எங்கள் சந்தேகம். நுனியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குழாய்த் தண்ணீரை விரலால் அமுக்கி வேகமாக அடித்தால் பெரும்பகுதி கீழே விழும். விழுந்ததில் மிகச் சிலதான் திரும்ப ஏறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை செய்து பாருங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்குக்கு வாரம் தவறாமல் மருந்தடிக்கிறோம். பின்வெளிறல் நோய்க்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, ஒரே டேங்கில் கலந்து. அப்படியும் பச்சை அழுக்கணவன் அடங்கவில்லை. இலை சுருள்கிறது. விதைக்கு வைத்த கிழங்கும் ஒவ்வொரு போகமும் சிறுத்துக்கொண்டே போகிறது.
– வாசகர், கந்தப்பளை

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று சிக்கல் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

முதலாவது, பூஞ்சை மருந்து. மலைநாட்டில் அழுக்கணவனுக்குப் பொறிவண்டை விடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை. மூடுபனி இறங்கி இலை இரவெல்லாம் நனைந்திருந்தால், பூஞ்சை அழுக்கணவனின் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சில நாளில் கொன்றுவிடும். செத்த உடம்பு பழுப்பாகவோ செம்மஞ்சளாகவோ மாறி, மேலே வெல்வெட் பூசியதுபோல ஒரு படலத்துடன் இலையோடு ஒட்டிக் கிடக்கும். மழைக்காலத்தில் அழுக்கணவன் ஒரேயடியாக இல்லாமல் போவதில் மழை கழுவியது பாதி என்றால், இந்தப் பூஞ்சை மீதி. மன்கோசெப், குளோரோதலோனில் போன்ற மருந்துகளுக்கு எது கெட்ட பூஞ்சை, எது நல்ல பூஞ்சை என்று தெரியாது. பின்வெளிறலோடு இதையும் அடக்கிவிடும். அமெரிக்காவின் உருளைக்கிழங்கு வயல்களிலும் பூஞ்சை மருந்து அதிகம் அடித்த இடங்களில் அழுக்கணவன் கூடியதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அதற்காகப் பின்வெளிறலுக்கு அடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்த வாரத்தில் மருந்தை விட்டால் ஒரு வாரத்தில் காணியே கருகும். சொல்வது வேறு. பெப்ரவரி, மார்ச்சில் பகல் முழுக்க வெயில், இலை காலை எட்டு மணிக்கே காய்ந்துவிடுகிறது என்றால், அந்த வாரத்துக்கும் மழை வாரத்துக்கும் ஒரே நாட்காட்டி எதற்கு? வானத்தைப் பார்த்து அடியுங்கள். ‘எப்படியும் டேங்கைத் தூக்குகிறோமே’ என்று பூச்சிமருந்தையும் அதில் கலப்பதை முதலில் விடுங்கள். பூச்சியைக் கண்டால், எண்ணிப் பார்த்து, தனியாக அடிப்பதே சரி.

இரண்டாவது, மருந்து கேட்காமை. உருளைக்கிழங்கிலும் கறிமிளகாயிலும் வரும் பச்சை அழுக்கணவன் உலகத்திலேயே அதிக மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சிகளில் ஒன்று. ஒரே மருந்தை, அல்லது பெயர் மட்டும் வேறான ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பலவீனமானது சாகும், தாங்கியது குட்டி போடும். குட்டி தாயின் அச்சு அசல் என்பதால் தாங்கும் குணம் அப்படியே இறங்கும். இதோடு யூரியாவும் கோழி எருவும் அளவுக்கு மீறிப் போட்டிருந்தால், சாற்றில் தழைச்சத்து ஏறி அதன் பெருக்கம் இன்னும் வேகமாகும். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருப்பது நமக்குச் சந்தோஷம், அதற்கு விருந்து.

மூன்றாவது, விதைக்கிழங்கு. உண்மையான நட்டம் இங்கேதான். அடி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, கையால் தடவினால் காய்ந்த காகிதம் போலச் சரசரத்தால் அது இலைச்சுருள் வைரஸ். நுனி இலைகள் சுருங்கித் திட்டுத் திட்டாக இருந்தால் பெரும்பாலும் வை (Y) வைரஸ். இரண்டையும் அழுக்கணவன்தான் பரப்புகிறது, ஆனால் பரப்பும் விதம் வேறு. இலைச்சுருள் வைரஸை எடுக்க அது மணிக்கணக்கில் சாறு குடிக்க வேண்டும். எடுத்த பிறகு சாகும்வரை சுமந்து திரியும். அதனால் இதற்குப் பூச்சிமருந்து ஓரளவு உதவும். வை வைரஸுக்கு ஒரு சில விநாடி ஊசி குத்தினால் போதும். மருந்து பட்டுச் சாவதற்கு முன் குத்தி முடித்திருக்கும். சில மருந்துகள் அதைப் பதறவைத்துச் செடிக்குச் செடி தாவ விடுவதும் உண்டு.

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். இந்தக் குளிரில் அழுக்கணவன் மெதுவாகப் பெருகும், பறப்பதும் குறைவு. விதைக்கிழங்கை உயர்ந்த இடங்களில் செய்வதற்கு இதுவே காரணம். உங்களுக்கு அந்த வசதி இயற்கையாகவே இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். பூக்கும் நேரத்தில் காணியைச் சுற்றி வந்து, நல்ல வளமான, இலையில் ஒரு குறையும் இல்லாத செடிகளுக்கு மட்டும் குச்சி நடுங்கள். விதை அவற்றிலிருந்துதான். சுருண்ட செடியைக் கண்டவுடன், அடியில் கிடக்கும் கிழங்கோடு பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வரம்பில் போட்டால் அதில் இருக்கும் அழுக்கணவன் இறங்கிப் பக்கத்துச் செடிக்கு நடக்கும். விதைக்கான செடிகளில் கிழங்கு போதிய அளவு வந்ததும் தண்டை அறுத்துவிட்டு 10 முதல் 14 நாள் தோல் முற்ற விடுங்கள். கடைசி நாட்களில் இலையில் ஏறும் வைரஸ் கிழங்குக்கு இறங்காமல் இது தடுக்கும். மூன்று போகத்துக்கு மேல் சொந்த விதையை ஓட்ட வேண்டாம். புது விதை வாங்குங்கள். எந்த மருந்தை எதற்குப் பின் மாற்றி அடிப்பது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 எண்ணில் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கோவா (முட்டைக்கோஸ்) இலையில் சாம்பல் பூசினதுபோல அழுக்கணவன். நடுவில் பழுப்பு நிறத்தில் ஊதின முத்துகள் ஒட்டியிருக்கின்றன. இது அதன் முட்டையா?
– வாசகர், நானுஓயா

பதில்: முட்டை இல்லை. பிணம். நல்ல சேதி.

ஒட்டுண்ணிக் குளவி என்று ஒன்று உண்டு. இரண்டு மில்லிமீற்றர் நீளம், கொசுவை விடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. வயிற்றைக் கால்களுக்கு நடுவே முன்னால் வளைத்து, அழுக்கணவனுக்குள் ஒரு முட்டையைச் செருகும். குளவிக் குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வளரும். ஏறத்தாழ பத்து நாளில் அழுக்கணவன் செத்து, ஊதி, காகிதம் போல விறைத்துவிடும். இதைத்தான் மம்மி என்பார்கள். இன்னும் சில நாளில் குளவி முதுகில் வட்டமாக ஒரு மூடியை வெட்டித் திறந்து வெளியே வரும். கைவில்லை இருந்தால் ஓட்டையைப் பாருங்கள். விளிம்பு சீராக வட்டமாக இருந்தால் நல்ல குளவி வந்திருக்கிறது. கடித்துப் பிய்த்ததுபோல இருந்தால், அந்தக் குளவியையே தின்னும் இன்னொரு குளவி முந்திக்கொண்டது.

கோவாவின் சாம்பல் அழுக்கணவனுக்குப் பொறிவண்டை அதிகம் நம்ப வேண்டாம். கடுகுக் குடும்பத்துக் காரத்தை அது தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், சில பொறிவண்டுகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. இங்கே வேலை செய்வது குளவியும் சிர்பிட் புழுவும்தான். ஆனால் இரண்டுமே கோவா சுருண்டு மூடிய பிறகு உள்ளே நுழையாது. மருந்தும் நுழையாது. ஆகவே சுருளத் தொடங்கும் முன்பே குருத்தை விரித்துப் பாருங்கள். மெழுகுப் பூச்சில் வெறும் தண்ணீர் உருண்டோடிவிடும், சவர்க்காரம் கலந்தால்தான் ஒட்டும்.

வெட்டிய பிறகு கட்டையை அப்படியே விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய. அது துளிர்த்து, அடுத்த நடுகைக்கு அழுக்கணவனை வளர்த்துக் கொடுக்கும். பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள், அல்லது புதையுங்கள்.

கேள்வி: தேசிக்காய் மரத்துத் துளிரில் கறுப்பு அழுக்கணவன், அடிமரத்தில் எறும்பு வரிசை, இலையில் கரி. இதே பூச்சி தேயிலைக் கொழுந்திலும் இருக்கிறதே?
– வாசகர், தலவாக்கலை

பதில்: இரண்டிலும் வருவது பெரும்பாலும் ஒன்றேதான். தேயிலையிலும் தேசி இனத்திலும் வாழும் கறுப்பு அழுக்கணவன். இலையில் உள்ள கரி, அது கழிக்கும் தேன்நீரில் வளரும் பூஞ்சை. எறும்பு அந்தத் தேன்நீருக்காகக் காவல் நிற்கிறது. பொறிவண்டுப் புழுவைக் கடித்து விரட்டும், குளவியை இறங்கவிடாது. முதலில் காவல்காரனை மறியுங்கள். அடிமரத்தில் ஒரு முழ உயரத்தில், நாலு விரல் அகலத்துக்குத் துணி அல்லது பொலித்தீனை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் கிறீஸ் பூசுங்கள். பட்டையில் நேரே பூசினால் பட்டை வெந்துபோகும். நிலத்தையோ சுவரையோ தொடும் கிளையை வெட்டாவிட்டால் எறும்புக்கு அது பாலம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூசி படிந்த கிறீஸை மாற்றுங்கள். எறும்பு நின்றபின் தின்னிகள் தாமாக ஏறும்.

தேயிலையில் இதற்கு மருந்து தேவைப்படுவது அபூர்வம். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளும்போது அழுக்கணவனும் கூடைக்குப் போய்விடுகிறது. நாற்றுமேடையிலும் கவ்வாத்து வெட்டித் துளிர்க்கும் மலையிலும்தான் கவனம் வேண்டும். அங்கேயும் சிர்பிட் புழு தானாக வரும்.

தேயிலைக்கு இந்த விஷயத்தில் பழைய பாடம் ஒன்று உண்டு. டோர்ட்ரிக்ஸ் என்னும் இலைச்சுருட்டுப் புழு தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, 1935–36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி நிலைத்துவிட்டது, புழு அடங்கியது. பிற்காலத்தில் தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து அடித்த இடங்களில் குளவி செத்து, அடங்கியிருந்த புழு திரும்பத் தலைதூக்கியது.

கேள்வி: மஞ்சள் ஒட்டுத்தகடு எத்தனை கட்ட வேண்டும்?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: அழுக்கணவனைப் பிடித்து ஒழிக்கவென்றால் ஒன்றும் வேண்டாம். இறக்கை உள்ளது மட்டும்தான் அதில் ஒட்டும், குட்டி போட்டுக்கொண்டிருக்கும் கூட்டம் இலையில்தான் இருக்கும். சிர்பிட் ஈயும் குளவியும்கூட மஞ்சளுக்கு வந்து ஒட்டிச் சாகும். எப்போது பறந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் கால் ஏக்கருக்கு இரண்டு, செடி உயரத்தில் கட்டுங்கள். வரத் தொடங்கியது தெரிந்ததும் கழற்றிவிடலாம்.

காசைத் தகட்டில் போடுவதை விடக் கொத்தமல்லியில் போடலாம். வளர்ந்த சிர்பிட் ஈக்குத் தேனும் மகரந்தமும்தான் உணவு. வாய் குட்டையானது, ஆழமில்லாத சின்னப் பூ வேண்டும். கொத்தமல்லி, பூக்க விட்ட கரட், முள்ளங்கி எல்லாம் சரி. மல்லியை உருட்டி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, பத்து மீற்றருக்கு ஒரு கீற்றாக வரம்போரம் விதையுங்கள். குளிரில் பூக்க ஏறத்தாழ இரண்டு மாதம் எடுக்கும். ஆகவே பயிர் நடுவதற்கு முன்பே விதைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து இன்னொரு தொகுதி. முள்ளங்கியையும் கடுகையும் கோவாவுக்குப் பக்கத்தில் பூக்க விட வேண்டாம், கோவாவின் அழுக்கணவனுக்கு அவையும் வீடுதான்.

கேள்வி: பொலித்தீன் கூடாரத்துக்குள் பெல் பெப்பர். வெளியே இருக்கிற பொறிவண்டு உள்ளே வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வலை தின்னியையும் சேர்த்துத்தான் மறிக்கிறது. உள்ளே மழையும் இல்லை, காற்றும் குறைவு. இறக்கை உள்ள ஓர் அழுக்கணவன் உங்கள் சட்டையில் ஒட்டி நுழைந்தால் போதும். வாசலை இரட்டைக் கதவாக்குங்கள். ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். வெளியே கூடாரத்தைச் சுற்றி இரண்டு மீற்றருக்குப் புல் பூண்டு இல்லாமல் வைத்திருங்கள். மஞ்சள் உடுப்போடு உள்ளே போகாதீர்கள், சிரிக்க வேண்டாம், இறக்கை அழுக்கணவன் மஞ்சளைத் தேடி வந்து உட்காரும்.

தின்னியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே மருந்து படாத கறிமிளகாய்ச் செடியில் மம்மி உள்ள இலைகளைப் பறித்து, உயிருள்ள அழுக்கணவனைத் தூரிகையால் துடைத்துவிட்டு, மம்மியோடு கூடாரத்துக்குள் நிழலில் தொங்கவிடுங்கள். கோவா மம்மியை விடக் கறிமிளகாய் மம்மி நல்லது. குளவி தான் பிறந்த இனத்தைத்தான் முதலில் தேடும். கூட்டம் சிறிதாக இருக்கும்போதே செய்தால்தான் பலன்.

கேள்வி: புகையிலைக் கஷாயம் இயற்கை மருந்துதானே?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: இயற்கைதான், நஞ்சும்தான். நிக்கொட்டின் தோல் வழியாக அடிப்பவர் உடம்பிலும் ஏறும், பொறிவண்டையும் விடாது. காய்ந்த புகையிலையில் மொசேக் வைரஸ் உயிரோடு இருக்கக்கூடும். தக்காளிக்கும் கொச்சிக்காய்க்கும் அடித்தால் பூச்சியை விரட்டி நோயைக் கொண்டுவந்த கதையாகும். வேண்டாம்.

கேள்வி: காட்டோரத்தில் பொறிவண்டு நிறைய இருக்கிறது. பிடித்துவந்து மரக்கறித் தோட்டத்தில் விட்டால் நிற்குமா?
– வாசகி, புசல்லாவை

பதில்: வண்டு நிற்காது. விட்ட கையோடு பறந்துவிடும். புழுவுக்கு இறக்கை இல்லை, அது நிற்கும். புழுவையும் கூட்டுப்புழுவையும் இலையோடு கிள்ளி, ஓட்டை போட்ட ஒரு டப்பாவில் எடுத்துவாருங்கள். டப்பாவுக்குள் கொஞ்சம் அழுக்கணவனும் கசக்கிய காகிதமும் போடுங்கள். இல்லையென்றால் வழியிலேயே ஒன்றையொன்று தின்றுவிடும். பின்னேரம், செடிக்குத் தண்ணீர் தெளித்தபின், கூட்டம் உள்ள செடிக்கு இரண்டு மூன்று புழு வீதம் இலையைக் கவட்டில் செருகிவிடுங்கள். அதற்கு முந்தின இரண்டு வாரத்தில் அந்தச் செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தால் விட வேண்டாம். அடுப்புச் சாம்பல் தூவியிருந்தால் முதலில் கழுவிவிடுங்கள், தூள் ஒட்டினால் புழுவால் நடக்க முடியாது. எபிலக்னாவையும் சேர்த்துப் பொறுக்கி வந்துவிடாதீர்கள்: மஞ்சள் உடம்பும் கிளைமுள்ளும் கண்டால் அங்கேயே விட்டுவாருங்கள்.